குழந்தையின் மூச்சும் குடும்பத்தின் பங்கும்

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொலையில் அமைந்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,897 மீற்றர் உயரத்திலுள்ள அவ்விடத்தின் பனிமூட்டமும் குளிரும் உல்லாசப் பயணிகளுக்கு இன்பமூட்டுவன. ஆனால், மலையகத்தின் லயன் அறைகளில் வளரும் குழந்தைகளுக்கோ அதே குளிர் இருமலையும் சளியையும் இழுப்பையும் கொண்டு வருகின்றது. நள்ளிரவில் மூச்சுத் திணறும் குழந்தையைத் தோளில் சுமந்தவாறு வாகனம் தேடி அலையும் பெற்றோரின் அவலம் தோட்டப்புறங்களில் எவருக்கும் புதியதல்ல.

குழந்தைகளின் நுரையீரல் நோய்களுக்கான வைத்தியம் இன்று தனியானதொரு துறையாக வளர்ந்துள்ளது. எனினும், அத்தகைய விசேட சிகிச்சை தேவைப்படும் மலையகக் குழந்தை, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையையோ கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையையோ நாடிச் செல்ல வேண்டியுள்ளது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியை அடுத்து வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியமை இக்குறையை மேலும் பெருக்கியது. நிபுணர்களின் எண்ணிக்கை அதிகரிக்கப்பட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆயினும், நிபுணர் ஒருவர் நியமிக்கப்பட்டுவிட்டால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடாது. சிகிச்சையில் குடும்பத்திற்குரிய இடம் எது என்ற வினாவும் விடை காணப்பட வேண்டியதாகும்.

மேலைநாடுகளே இவ்வினாவுக்கு நீண்டகாலம் தவறான விடையைக் கொண்டிருந்தன. பெற்றோரை வாரத்தில் ஓரிரு மணித்தியாலங்கள் மட்டுமே வார்ட்டினுள் அனுமதிக்கும் வழக்கம் பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவற்றில் இருந்தது. தாயைப் பிரிந்து வைத்தியசாலையில் இருக்கும் இரண்டு வயதுக் குழந்தையின் துயரை ஜேம்ஸ் ரொபர்ட்சன் 1952இல் திரைப்படமாக்கிக் காட்டினார். 1959இல் வெளியான பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து செல்லவும் தாய்மார் குழந்தையுடன் தங்கவும் இடமளிக்கப்பட வேண்டுமெனப் பரிந்துரைத்தது. குடும்பத்தை மையமாகக் கொண்ட வைத்தியம் என இன்று பேசப்படும் கொள்கைக்கு இவையெல்லாம் வழிவகுத்தன.

நமது நாட்டின் சிறுவர் வார்ட்டுகளில் தாய் குழந்தையின் கட்டிலருகே இருப்பது வழமையான காட்சியாகும். ஆனால், கட்டிலருகே இருப்பது வேறு, சிகிச்சையில் பங்கு பெறுவது வேறு. குழந்தைக்கு நேர்ந்திருப்பது நிமோனியாவா, ஆஸ்துமாவா, மருந்து எத்தனை நாட்களுக்கு, எந்த அறிகுறி தென்பட்டால் உடனே திரும்பி வர வேண்டும் என்பனவற்றைத் தாய் அறிந்துகொண்டால்தான் அவள் பங்காளியாவாள். வீடு திரும்புகையில் கையில் தரப்படும் நோய் விபர அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்திருக்கின்றது. வாய்மொழி விளக்கமோ பல வேளைகளில் சிங்களத்தில் கிடைக்கின்றது. தமிழும் அரச கரும மொழி என அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூறியது 1987ஆம் ஆண்டிலாகும். அரைவாசிக்கும் மேற்பட்டோர் தமிழர்களாக உள்ள நுவரெலியா மாவட்டத்தில், தோட்டத் தமிழ்த் தாயும் நகர்ப்புற முஸ்லிம் தாயும் தம் குழந்தையின் நோயைத் தாய்மொழியில் கேட்டறிய முடியாதிருப்பது மொழிப் பிரச்சினை மட்டுமன்று. அது உயிர்ப் பிரச்சினையுமாகும்.

நுரையீரல் நோய்களில் இதன் முக்கியத்துவம் இரட்டிப்பாகின்றது. ஆஸ்துமாவுக்கான மருந்தை நாள்தோறும் கொடுப்பவர் வைத்தியரல்லர், தாயே. மக்கள் ‘பம்ப்’ எனக் குறிப்பிடும் மருந்தைச் சிறு குழந்தையால் தானாக உள்ளிழுக்க இயலாது. மருந்தைத் தேக்கி மெல்ல உள்ளிழுக்க உதவும் குழாய் ஒன்று வேண்டும். அரை லீற்றர் பிளாஸ்டிக் குளிர்பானப் போத்தலில் துளையிட்டுத் தயாரித்த குழாயும் கடையில் விற்கப்படும் குழாய்க்கு இணையாகப் பயன்படக்கூடியது என்பதை, தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரைச் சேர்ந்த சிறுவர் நுரையீரல் நிபுணர் ஹெதர் ஸாரும் அவரது குழுவினரும் 1999இல் ஆய்வின் மூலம் காட்டினர். வறிய குடும்பத்தின் கையில் சிகிச்சையை ஒப்படைக்க இயலும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. ஆனால், போத்தலைக் கொடுத்தால் போதாது. அதனைப் பயன்படுத்தும் முறையைப் பொறுமையுடன் கற்பித்து, தாய் செய்து காட்டும் வரை உடனிருக்கவும் வேண்டும்.

அடுத்தது, குழந்தை திரும்பிச் செல்லும் வீடாகும். வெள்ளையர் காலத்து லயன் அறைகளில் விறகடுப்புப் புகை வெளியேற வழியின்றி, சமைக்கும் இடத்திலேயே குழந்தைகள் உறங்க நேர்கின்றது. வீட்டுப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்றும் அவர்களில் 2 இலட்சத்து 37 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. போஷாக்கின்மையும் நுரையீரல் தொற்றைக் கடுமையாக்கும். வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகள் தேசிய மட்டத்தில் 17 சதவீதமாக இருக்கையில், தோட்டத்துறையில் 32 சதவீதமாக இருப்பதை 2016ஆம் ஆண்டின் குடிசன மற்றும் சுகாதார மதிப்பாய்வு வெளிப்படுத்தியது. வீட்டு நிலைமையைக் கேட்டறியாது மருந்தை மட்டும் எழுதிக் கொடுக்கும் வைத்தியம், அக்குழந்தையை மீண்டும் அதே வார்ட்டுக்கு வரவழைக்கும் வைத்தியமாகவே முடியும்.

இவை அனைத்திற்கும் மேலாகச் சம்பளப் பிரச்சினை உண்டு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக்கவும், வேலைக்குச் சமுகமளிப்பதற்கான ஊக்குவிப்பாக மேலும் 200 ரூபாவை அரசு வழங்கவும் முன்மொழிந்தது. உயர்வு வரவேற்கத்தக்கதே. ஆயினும், பத்து நாட்கள் குழந்தையுடன் வைத்தியசாலையில் தங்கும் தாய், நாட்சம்பளத்துடன் அந்த ஊக்குவிப்பையும் இழக்க நேரிட்டால், குழந்தையைப் பராமரித்தமைக்காக அவள் தண்டிக்கப்படுகின்றாள் என்பதே பொருளாகும். குழந்தை முற்றாகக் குணமடையும் முன்னரே ‘துண்டு வெட்டிக்கொண்டு’ வீடு செல்லத் துடிக்கும் தாயை அறியாமை மிக்கவள் எனக் கடிந்துகொள்வோர் இதனைச் சிந்திப்பதில்லை.

ஆகவே, சில நடவடிக்கைகளைச் சுகாதார அமைச்சும் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் இணைந்து மேற்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கின்றோம். பேராதனையிலிருந்து சிறுவர் நுரையீரல் நிபுணர் குழுவொன்று மாதந்தோறும் நுவரெலியாவுக்கு வந்து கிளினிக் நடத்த ஏற்பாடு செய்யப்பட வேண்டும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையகத்தின் வீதிகளையும் ரயில் பாதையையும் துண்டித்தபோது, சிகிச்சை மக்களுக்கு அண்மையில் இருக்க வேண்டியதன் அவசியத்தை நாம் அனைவரும் உணர்ந்தோம். சிறுவர் வார்ட்டுகளில் தமிழறிந்த தாதியரும் தமிழில் எழுதப்பட்ட அறிவுறுத்தல்களும் இருத்தல் வேண்டும். வைத்தியசாலையில் தங்கும் பெற்றோருக்கு வைத்தியரின் சான்றிதழின் பேரில் சம்பளத்துடனான விடுமுறை வழங்கப்பட வேண்டும். புதிய வீடுகள் கிடைக்கும் வரை லயன் அறைகளுக்குப் புகைபோக்கிகளாவது அமைத்துக் கொடுக்கப்பட வேண்டும்.

இவற்றில் எதுவும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமல்ல. நோயைக் கண்டறிவதும் மருந்தைத் தீர்மானிப்பதும் வைத்தியரின் கடமை. அம்மருந்து குழந்தையின் நெஞ்சைச் சென்றடைவதும், அடைந்த பின் பயன் தருவதும் குடும்பத்தின் கைகளிலேயே தங்கியுள்ளன. அந்தக் கைகளைப் பலப்படுத்தாத வைத்தியம், பாதி வைத்தியமே என்பதை உரியவர்கள் உணர்ந்து செயற்படுவார்களாக.