விருந்தும் வற்புறுத்தலும்

திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான நிலப்பரப்பை ஏரிப் பாசனமும் நெல்வயலுமாகக் கண்டவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. இடையிலும் பின்னரும் எழுந்த ஆலைகள் பல. ஏர் பிடித்தவரின் மகன் இன்று கழுத்தில் அடையாள அட்டையுடன் நிறுவனப் பேருந்துக்குக் காத்து நிற்கிறான். உழைக்கும் முறை மாறிற்று. உறங்கும் நேரமும் உண்ணும் நேரமும் மாறின. விருந்துப் பந்தியில் நாம் உபசரிக்கும் முறை மட்டும் மாறவில்லை. அதுபற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

நம் துறையில் பயின்று, இப்போது ஒரகடத்தில் பணிபுரியும் முன்னாள் மாணவர் ஒருவரை அண்மையில் ஒரு வலீமா விருந்தில் கண்டோம். அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. ஓராண்டாக நீரிழிவுக்கு மாத்திரை உட்கொண்டு வருகிறார். இரவு ஷிப்டு முடித்து, நான்கு மணி நேரமே உறங்கி வந்திருந்தார். தட்டில் வைத்த பிரியாணியில் பாதியை உண்டபின் கையை நிறுத்தினார். பக்கத்தில் நின்ற அவருடைய மாமா, "என்ன மருமகனே, கொறிக்கிறீங்க? நம்ம வீட்டுக் கல்யாணம்!" என்று தம் கையாலேயே இரண்டு கரண்டி அள்ளி வைத்தார். அடுத்துப் பிரட் அல்வா வந்தது. "ஒரு நாளைக்குத்தானே, ஒண்ணும் ஆயிடாது" என்றார். மாணவர் எம்மை ஒருமுறை பார்த்தார், பிறகு உண்டார். அவர் நோயை அறிந்திருந்தும் யாம் வாய் திறக்கவில்லை. இக்கட்டுரைக்குக் காரணம் அந்த மௌனமே.

'ஒரு நாள்தானே' என்னும் சொல்லை எண்ணிப் பார்த்தோம். நிச்சயதார்த்தம் ஒரு நாள். நிக்காஹ் ஒரு நாள். வலீமா ஒரு நாள். அகீகா, சுன்னத்து, புதுமனை புகுதல் ஆகியவை தனித்தனி நாள்கள். ஆலையில் ஆயுத பூசைக்கு ஒரு நாள், உடன் பணிபுரிவோர் பதவி உயர்வுக்கு ஒரு நாள். ரமலானில் இஃப்தார் அழைப்புகள் வாரந்தோறும் வருகின்றன. இவ்வாறு கூட்டினால் ஆண்டில் பெரும்பகுதி 'ஒரு நாள்' ஆகிவிடுகிறது அன்றோ?

நாட்டின் நிலை நாம் அறியாததன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்றும், தமிழகத்தில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்குமேல் அந்நோய் உடையவர் என்றும் அது காட்டிற்று. இரவுப் பணியாளர்க்கோ மற்றுமோர் இடர் உண்டு. உடலினுள் இயங்கும் காலக் கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த மூவர்க்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அக்கடிகாரம் இரவை உறக்கத்திற்கென ஒதுக்கியிருக்கிறது. அவ்வேளையில் உண்ணும் சர்க்கரையை உடல் பகலைப் போல் எளிதில் கையாளுவதில்லை. முறைமாறிப் பணிபுரிவோரிடம் நீரிழிவு மிகுதியாகக் காணப்படுவதை ஆய்வுகள் பல உரைக்கின்றன.

விருந்துக்குச் செல்வோர்க்கு அறிவுரை கூறுவோர் பலர். வீட்டிலேயே சிறிது உண்டு செல்க. காய்கறியை முதலில் உண்க. இனிப்பைத் தவிர்க்க என்பர். இவை நல்லவையே. ஆயின் பாரமெல்லாம் விருந்தினன் தலையில் ஏற்றப்படுவது முறையா? பெரியவர் அள்ளி வைத்ததை மறுப்பது நம் சமூகத்தில் மரியாதைக் குறைவு. அந்த இளைஞரிடம் மனவலிமை இல்லாமற் போகவில்லை. அதைக் காட்ட இடம் இல்லாமற் போயிற்று. எனவே மாற வேண்டியவர் விருந்தளிப்போரே என்பது எம் கருத்து.

'வயிறார உண்பிப்பது நம் பெருமை, அதையும் பறிப்பதா?' என்று மூத்தோர் சிலர் வினவக்கூடும். அவ்வினாவை யாம் எளிதாகத் தள்ளவில்லை. பஞ்சம் கண்ட தலைமுறையின் நினைவே அவ்வற்புறுத்தலாக வெளிப்படுகிறது. இன்றும் திருமணப் பந்தியை நம்பி வரும் எளியவர் உண்டு. விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் பிள்ளைகளுக்கோ வாரநாளின் உணவு தம் கையில் இல்லை. 2021 டிசம்பரில் பூவிருந்தவல்லிப் பகுதி விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகிப் பெண் தொழிலாளர் பலர் நோயுற, தோழியர் திருப்பெரும்புதூர் அருகே நெடுஞ்சாலையில் மறியல் செய்ததை நாடறியும். அத்தகையோர் உறவினர் வீட்டுப் பந்தியில் ஆசையோடு அமர்வதில் வியப்பில்லை. இரண்டாம் முறை கேட்போர்க்குத் தயங்காமல் வைக்கட்டும். கேளாதவர் தட்டில் அள்ளிப் போடுவதையே வேண்டாமென்கிறோம்.

இது புதுமை அன்று. விருந்தோம்பலுக்கு ஒன்பதாம் அதிகாரத்தை அளித்த வள்ளுவர், 95-ஆம் அதிகாரத்திற்கு மருந்து எனப் பெயரிட்டார். அதன் குறள்களில் பெரும்பாலானவை மூலிகையைப் பேசவில்லை, உண்ணும் அளவையே பேசுகின்றன. வயிற்றில் உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் மூன்றில் ஒரு பங்கு வகுத்த நபிமொழியை வெள்ளி மேடைகளில் கேட்டிருக்கிறோம். மேடையை விட்டிறங்கிப் பந்திக்கு வரும்போது அது நினைவில் நிற்பதில்லை. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் சஹன் முறையை எண்ணுக. ஒரே தாலத்தைச் சுற்றி அமர்ந்து உண்ணுங்கால் யார் எத்துணை உண்டார் என எவரும் அளப்பதில்லை. குறைய உண்டவர் நாணவும் வேண்டுவதில்லை. அரிசியும் பருப்பும் வெந்தயமும் சிறிது கறியும் இட்டுக் காய்ச்சும் நோன்புக் கஞ்சியோ நாள் முழுதும் ஓய்ந்த வயிற்றுக்கு இதமானது. அதன் பக்கத்தில் சமோசாவும் வடையும் குவித்தவர் நாமே.

நம் வீட்டுப் பந்தியில் கத்தரிக்காயும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் பிரியாணிக்குத் துணையாகவே வருகின்றன. அவற்றை முதலிலும் தாராளமாகவும் பரிமாறினால் என்ன? 2024-இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட நெறிமுறைகள், தானியத்தினின்று பெறும் ஆற்றல் நூற்றுக்கு 45-ஐ மிஞ்சலாகாது என்கின்றன. நம் விருந்துத் தட்டு அவ்வெல்லையை எப்பொழுதோ கடந்துவிட்டது. இனிப்பைத் தட்டில் வைக்காமல் தனியே ஒரு மேசையில் வைத்தால் வேண்டுவோர் எடுத்துக்கொள்வர். மகளிர் பந்தி பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். கடைசியில் அமர்வோர்க்குக் கறியும் பச்சடியும் தீர்ந்து சோறு மட்டும் எஞ்சுவதை எத்தனை வீடுகளில் கண்டிருக்கிறோம்!

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் நீரிழிவு மாத்திரை இன்று வாசல் தேடி வருகிறது. மாத்திரையை வாசலில் வாங்கிய அதே வீட்டில், அதே நோயாளியின் தட்டில், இன்னும் ஒரு கரண்டி விழுகிறது.

அந்த மாணவரின் தங்கைக்கு அடுத்த மாதம் திருமணம். மாமாவிடம் பேசும் பொறுப்பை எம்மிடம் ஒப்படைத்திருக்கிறார், யாமும் ஏற்றிருக்கிறோம். மாமாவுக்கும் சர்க்கரை நோய் உண்டாம். வீட்டில் எவருக்கும் தெரியாதாம். அன்று இரவு தமக்கு ஷிப்டு இருப்பதால், பந்தியைப் பகல் ஒரு மணிக்கே தொடங்கச் சொல்லுமாறும் மாணவர் கேட்டுக்கொண்டார்.