எண்ணத் தெரிந்த பொறி எழுத்தறியவில்லை

குமராட்சிக்கு அண்மையிலுள்ள திருநாரையூரில் தோன்றியவர் நம்பியாண்டார் நம்பி. தில்லையில் கறையான் அரித்தவை போக எஞ்சிய ஏடுகளினின்று மூவர் பாடல்களை மீட்டு, ஏழு திருமுறைகளாக அவர் வகுத்தார் என்பது வழிவழிச் செய்தி. வகுத்த முறையை நோக்குக. முதற்கண் பாடியவரைக் கொண்டு பிரித்தார்: ஞானசம்பந்தர்க்கு மூன்று, நாவுக்கரசர்க்கு மூன்று, சுந்தரர்க்கு ஒன்று. அதன்மேல் பண் ஒத்தவை பண்வாரியாய் அடுக்கப்பட்டன. நாவுக்கரசரின் குறுந்தொகை ஐந்தாவதாகவும் தாண்டகம் ஆறாவதாகவும் யாப்பால் தனித்து நின்றன. ஒத்தவற்றைத் தேடலும் அடுக்கலும் தொகுத்தலும் இம்மண்ணுக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கமன்றோ?

இதே வினைகளைத்தான் கணிப்பொறியாளர் இன்று பதிவுக் கோப்புகளின்மேல் நிகழ்த்துகின்றனர். இணையத்தில் ஒரு நூலகம் நடத்தும் வழங்கி, வருவோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு வரி எழுதி வைக்கும். எந்நேரம் வந்தார், எதனைத் தேடினார், கிட்டியதா என்பதெல்லாம் அவ்வரியில் இருக்கும். வரிகள் இலக்கக்கணக்கிற் பெருகியபின் மாந்தர் கண் என்ன செய்யும்? 'கிரெப்பு' என்னும் ஆணை வேண்டிய வடிவுடைய வரிகளைப் பொறுக்கும். 'சார்ட்டு' அவற்றை அடுக்கும். 'யூனிக்கு' அடுத்தடுத்து நிற்கும் ஒத்த வரிகளை ஒன்றாக்கி, எத்தனை என்று எண்ணிச் சொல்லும்; அடுத்து நில்லாதவற்றை அது சேர்க்காது, ஆதலின் அடுக்கல் முந்த வேண்டும். ஒன்றன் விளைவு மற்றொன்றனுள் பாய்வதால் இவ்விணைப்பிற்குக் குழாய் என்று பெயர். கீழணை நீர் வடவாற்றில் இறங்கி, வீராணத்தில் தேங்கி, மதகுவழியே வயல் சேர்வதைக் கண்ட குமராட்சி உழவர்க்கு இதில் வியப்பொன்றும் இராது.

மக்கிலிராய் என்பார் வலியுறுத்த, கென் தாம்சன் 1973 இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் இக்குழாயை அமைத்தார். ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணிக் காட்ட, பேரறிஞர் தொனால்டு நூத்து 1986 இல் பல பக்க நிரலொன்று வரைந்தார். மக்கிலிராய் அதே வேலையை ஆறே ஆணைகளைக் குழாயிற் கோத்து முடித்துக் காட்டினார். அழகிய வேலைதான். ஆயின் அவற்றுள் முதல் ஆணை என்ன சொல்கிறது? ஆங்கில எழுத்து இருபத்தாறும் அல்லாத யாவற்றையும் எழுத்தல்லவெனத் தள்ளு என்கிறது! அந்தக் குழாயில் ஒரு தமிழ் நூலை இட்டால் மறுமுனையில் ஒரு சொல்லும் வாராது.

சரி, தமிழுக்கென மாற்றியமைத்தால்? அங்குதான் தொல்லை தொடங்குகிறது. 'தமிழ்' என்பதில் எழுத்து மூன்று, சிறுவனும் சொல்வான். ஒருங்குறியில் அது ஐந்து குறி, பதினைந்து எண்மி. இணைய முகவரியாகப் பதிவுக் கோப்பில் விழுங்கால் நாற்பத்தைந்து ஆங்கில உருக்களாக நீண்டு கிடக்கும். 'கொ' என்பதை ஒரே துணைக்குறியாலும் எழுதலாம், கொம்பும் காலுமாய் இரு குறியாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கிரெப்புக்கு வேறுவேறு. 'கொல்லை' என்று தேடியவர் நூற்றுவராயினும் அவர் இரு குவியலாய்ப் பிரிந்தே எண்ணப்படுவர். 'கல' என்று தேடினால் 'கல்'லும் அகப்படும். மெய் முதலாவது, அதன்மேல் அகரம் ஏறிய வழியே உயிர்மெய் என்பது நம் இலக்கணம். ஒருங்குறியோ உயிர்மெய்யை முதலாக வைத்து, மெய்யை அதன்மேற் புள்ளியிட்டுப் பெறுகிறது. இலக்கணம் தலைகீழாயிற்று!

அடுக்கலும் இங்ஙனமே. குறியெண் வழியே அடுக்கினால் 'மரம்' என்பதற்கு முன்னே 'மனை' வந்து நிற்கும். ஏன்? 1988 இல் வகுத்த இந்தியக் குறிமுறை, எல்லா மொழிக்கும் நாகரி வரிசையையே சட்டமாக்கிற்று; 1991 இல் வந்த ஒருங்குறி அச்சட்டத்தைத் தழுவிற்று. நாகரியில் புள்ளியிட்டுச் செருகிய இடங்களிலேயே நம் னகர றகர ழகரங்கள் அமர்த்தப்பட்டன. தமிழ் நெடுங்கணக்கின் கடைசி எழுத்தாகிய னகரம் பகரத்துக்கு முன்னே போய் அமர்ந்தது இவ்வாறுதான். தமிழ்நாட்டரசு 2010 இல் ஒருங்குறியோடு, எழுத்தொன்றுக்குக் குறியொன்று தரும் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் ஏற்றது; ஆயினும் உலகெங்கும் வழங்குவது ஒருங்குறியே.

இதற்குப் பொறியைப் பழித்துப் பயனில்லை. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ்ச் சொல்லடைவு வெளியிட்டது. அத்தகைய உழைப்பை இன்று ஓர் இளைஞன் மடிக்கணினியில் ஒரு மாலையில் தொடங்கிவிடலாம். தொடங்குபவன் எழுத்திலக்கணம் அறிந்தவனாயிருத்தல் வேண்டும். ஆகவே தமிழ் முதுகலை வகுப்பில் நன்னூலோடு இவ்வாணைகளும் பாடமாதல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. முதற்பாடம் எளிது: கோப்பைத் தொடுமுன் இருவகைக் கொம்புகளையும் ஒருவகையாக்குக, எழுத்தென்பது குறியும் அதனைத் தொடரும் துணைக்குறியும் சேர்ந்ததென ஆணைக்கு உரைக்க, அடுக்கலுக்குத் தமிழ் நெடுங்கணக்கைத் தருக, அதன் பின்னரே எண்ணுக.