கடனுக்கு முன் ஒரு குழி

பயிர்க்கடன் விண்ணப்பத்தில் நிலத்தைப் பற்றி வங்கி கேட்கும் கேள்விகள் சிலவே. சர்வே எண், பரப்பு, பயிர், பாசன ஆதாரம். மண்ணின் தன்மை குறித்து ஐயம் எழுந்தால் மண்வள அட்டையைக் காட்டினால் போதும் என்பது இன்றைய வழக்கம். அந்த அட்டை மேல்மண்ணைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சில நிலங்களில் விளைச்சலையும், அதன்வழி கடன் திரும்புவதையும் தீர்மானிப்பது அதற்குக் கீழே உள்ள மண். களர்த்தன்மை கொண்ட கனத்த களிமண் அடியில் இருக்கும் நிலங்களையே இங்கே குறிப்பிடுகிறோம்.

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்டது. பேரூட்டங்கள், நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, மின்கடத்துதிறன், கரிமச்சத்து என 12 அளவுகளை அது தருகிறது. மாதிரி எடுக்கும் ஆழம் 15 முதல் 20 செ.மீ. உரச் செலவைச் சீராக்க அது நல்ல கருவி; அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், களிமண் பற்றிவைத்திருக்கும் அயனிகளில் சோடியத்தின் பங்கு எவ்வளவு என்பது அந்தப் பன்னிரண்டில் இடம்பெறவில்லை.

இதன் விளைவைக் காண மகாராஷ்டிரத்தின் விதர்ப்பப் பகுதிக்குச் செல்ல வேண்டும். தபதி ஆற்றின் துணையாறான பூர்ணாவின் பள்ளத்தாக்கு அமராவதி, அகோலா, புல்தாணா மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அங்குள்ளோர் அதன் ஒரு பகுதியைக் 'கார்பாண் பட்டா' என்கிறார்கள். உவர்நீர்ப் பட்டை என்று பொருள்; நம் ஊர் நிலப் பட்டாவுக்கும் அதற்கும் உறவில்லை. கண்ணுக்கு அது வளமான கரிசல் மண். பருத்தி, சோளம், பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாம் விதைக்கிறார்கள். ஆனால் ஆழம் செல்லச் செல்லச் சோடியத்தின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. குறைந்த மழையும் கடும் வெயிலும் உள்ள நாட்டில் மண்நீரிலுள்ள கால்சியம் சுக்கான் கற்களாக இறுகிவிடுகிறது. களிமண்ணில் அதன் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. இது எந்த உழவரின் குறையும் அன்று. இயற்கை நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை.

சோடியம் ஏறிய களிமண் நனைந்தவுடன் துகள் துகளாகக் கலைந்து மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். அதன்பின் மேலே சேறு, கீழே புழுதி. மழை பெய்து இரண்டு நாளாகியும் வயலில் கலங்கல் நீர் தெளியாமல் நிற்கும்; ஒரு சாண் தோண்டினால் ஈரம் இராது. ஆணிவேர் கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பும். ஒரே பருவத்தில் பயிர் நீர் தேங்கியும் வாடும், நீரின்றியும் வாடும். பாடநூல்கள் சோடியத்தின் பங்கு 15 விழுக்காட்டைத் தாண்டினால்தான் களர் என்கின்றன. கனத்த கரிசல் களியில் அதற்கு வெகு முன்பே நீர் இறங்குவது தடைபடுகிறது. எனவே அட்டையில் உள்ள எண் அச்சமூட்டவில்லை என்பதற்காக நிலம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிட முடியாது.

ஆகவேதான், கடன் கேட்கும் முன் நிலத்தில் ஒரு குழி தோண்டுங்கள் என்கிறோம். மண்ணில் சற்றே ஈரம் இருக்கும்போது ஒரு மீட்டர் ஆழம் போதும். 15, 30, 60, 90 செ.மீ. ஆழங்களிலிருந்து ஒவ்வொரு சிறு கட்டி எடுத்து நிழலில் உலர்த்தி, தனித்தனிக் கண்ணாடித் தம்ளர்களில் மழைநீருக்குள் மெதுவாக இடுங்கள். கலக்காமல் சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் கவலை குறைவு. கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் படர்ந்தால் அந்த ஆழத்தில் சோடியம் வேலை செய்கிறது. கிணற்று நீரில் இதைச் செய்யக்கூடாது. அதில் கரைந்துள்ள உப்புகள் கலங்கலை மறைத்துவிடும். ஐயம் வலுத்தால் அதே ஆழங்களின் மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, சோடிய விழுக்காட்டையும் ஜிப்சம் தேவையையும் கேட்டுப் பெறலாம்.

ஜிப்சத்தின் கணக்கை உழவரும் வங்கியும் ஒருங்கே புரிந்துகொள்ள வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றி அதன் இடத்தில் அமர்கிறது. 15 செ.மீ. மண்ணைத் திருத்த ஆகும் அளவு 30 செ.மீ.க்கு இரு மடங்காகும். கீழே சோடியம் மிகுந்திருந்தால் அதற்கும் மேல். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 கிராம் ஜிப்சமே கரையும். ஆக நிறைய நீர் வேண்டும். வெளியேறிய சோடியம் போய்ச்சேர வடிகாலும் வேண்டும். அடியில் களி அடைத்துக்கொண்டிருக்க, மேலே மட்டும் ஜிப்சம் கொட்டுவது பாதி வேலை.

கங்கைச் சமவெளியின் 'ஊசர்' நிலங்கள் திருத்தப்பட்டதை இதற்கு மறுப்பாகச் சிலர் காட்டுவர். 1969இல் தொடங்கப்பட்ட கர்னால் மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையத்தின் வழிமுறை அங்கே பெரும் பலன் தந்தது உண்மை. மோசமான நிலங்களில் ஹெக்டேருக்கு 10 முதல் 15 டன் ஜிப்சம் இட்டு, மேல்மண்ணில் கலந்து, நீர் நிறுத்தி, முதலில் நெல் நட்டார்கள். நெல்லின் வேர் ஆழம் தேடுவதில்லை. தேங்கும் நீர் அதற்குக் கேடுமில்லை. அங்கே பாசன நீரும் இருந்தது. ஆண்டுதோறும் நெல் பயிரிட, திருத்தம் மெல்லக் கீழே இறங்கியது. மழையை நம்பிப் பருத்தி விளையும் பூர்ணாப் பள்ளத்தாக்குக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது. அங்கே அகன்ற மேட்டுப்பாத்தியும் இடையில் நீர் வடியும் சாலும், தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரமும், அளவான ஜிப்சமும் சேர்ந்து பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். பசுந்தாள் மட்கும்போது, மண்ணிலேயே முடங்கிக் கிடக்கும் சுக்கானிலிருந்தும் சிறிது கால்சியம் கரைந்து வரும்.

'பல ஆண்டுகள்' என்ற இடத்தில்தான் வங்கியின் நடைமுறையோடு உரசல் எழுகிறது. ஏக்கருக்கு எவ்வளவு பயிர்க்கடன் என்பதை மாவட்டத் தொழில்நுட்பக் குழு பயிர்வாரியாக வகுக்கிறது. பருத்திக்கு ஒரு தொகை என்றால், அடிமண் நல்ல நிலத்துக்கும் களர் நிலத்துக்கும் அதே தொகை. அதை அறுவடையை ஒட்டித் திருப்பிச் செலுத்த வேண்டும். தவறினால் வட்டிச் சலுகை போய்விடும். இந்தப் பணத்தில் ஜிப்சம் வாங்கி, பலன் வர மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருப்பவர் முதல் ஆண்டிலேயே சிக்கிக்கொள்வார். வணிகவியல் மாணவர் முதலாண்டிலேயே படிக்கும் பாடம் இது: யூரியா நடைமுறைச் செலவு, ஜிப்சம் மூலதனச் செலவு. மூலதனச் செலவுக்கு உரியது நில மேம்பாட்டுத் தவணைக் கடன். ஜிப்சம், வடிகால், பாத்தி அமைப்பு மூன்றையும் ஒரே திட்டமாக்கி, தொடக்க ஆண்டுகளில் அசலுக்கு விலக்குக் காலம் தந்து கடன் வழங்குவதே முறை என்பது நம் கருத்து. ஆய்வறிக்கையோடு வரும் விண்ணப்பத்தைக் கிளை மேலாளரும் அக்கறையுடன் படிக்க வேண்டும்.

வேறு இரண்டு கடன்களில் நிதானம் தேவை. ஒன்று, ஆழ உழவுக்கானது. கீழ்க்களியைப் புரட்டி மேலே கொண்டுவந்தால் களர் மேல்மண்ணுக்கும் வந்துசேரும். புரட்டாமல் கீறிவிட்டாலும், ஜிப்சம் இல்லையேல் அடுத்த மழையில் அந்தக் கீறல் மூடிக்கொள்ளும். மற்றொன்று, ஆழ்துளைக் கிணறு. நீரில் சோடியம் பைகார்பனேட் மிகுந்திருந்தால், பாய்ச்சப் பாய்ச்ச நிலம் களராகும். அருகிலுள்ள கிணற்று நீரை ஆய்வு செய்யாமல் அக்கடனைக் கேட்பதும் தருவதும் ஆபத்து.

தமிழ்நாட்டு வாடிக்கையாளர்கள் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள வேளாண் கல்லூரி களர் நிலத்துக்கென்றே நெல் ரகங்களை உருவாக்கிவருகிறது. திருச்சி 1, திருச்சி 3 ஆகியவை அவற்றுள் சில. எந்த ஊரானாலும் முழு நிலத்தையும் ஒரே ஆண்டில் திருத்த முயல வேண்டாம். முதலில் ஒரு ஏக்கரை எடுத்து, அதில் ஒரு கீற்றை ஜிப்சம் இடாமல் விட்டுவையுங்கள். மூன்றாம் ஆண்டு இரண்டு பக்கமும் மீண்டும் குழி தோண்டி வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளந்து பார்த்தபின், மீதி நிலத்துக்கான கடனைப் பேசலாம்.