பூப்புக்குப் பந்தல், மூப்புக்கு மௌனமா?

நம் நாட்டு மருத்துவத்தின் பெருமை பேசுவோர் இன்று பலர். ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் பெண்ணின் உடல்நலத்தைப் போற்றிக் காத்தன என்பது அவர்தம் வாதம். எந்த வயதுப் பெண்ணை, எதன் பொருட்டுக் காத்தன என்ற வினாவை அவர்கள் எழுப்புவதில்லை. நாம் அதனை எழுப்பியே ஆகவேண்டும்.

சித்தாண்டியையே எடுத்துக்கொள்வோம். இங்கு ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டால் வீடு முழுவதும் விழித்துக்கொள்கின்றது. நல்லெண்ணெய், முட்டை, உழுத்தங்களி என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கின்றனர். சாமத்தியச் சடங்குக்குப் பந்தல் எழுகின்றது. இவ்வுணவு முறையை மூடநம்பிக்கை என எள்ளி நகையாடுவது அறியாமை. உழுந்தும் முட்டையும் வளரும் உடலுக்கு வேண்டிய புரதத்தைத் தருவன அன்றோ? ஆனால் அதே பெண் ஐம்பதை அணுகும்போது நடப்பது என்ன? திடீரென உடல் கொதிக்கின்றது. நள்ளிரவில் வியர்த்து விழிக்கின்றாள். எலும்பின் உறுதி குறைகின்றது. அவளுக்கெனக் களி கிண்டுவார் யார்? “வயது போனால் அப்படித்தான்” என்ற சொல்லே அவளுக்குக் கிடைக்கும் மருந்து.

இவ்வேறுபாட்டின் வேர் பழைய நூல்களிலேயே உள்ளது. மாதப்போக்கு 12 வயதளவில் தொடங்கி 50 வயதளவில் ஓயும் எனச் சுசுருத சங்கிதை கூறிற்று. அந்த ஓய்வை நோயென்னாது மூப்பின் இயல்பெனக் கண்டது அதன் சிறப்பு. ஆயினும் விலக்கு நாள்களுக்கு அது விதித்த ஒழுக்கங்களை நோக்குக. அந்நாள்களிற் பெண் பகலில் உறங்கினால் பிறக்கும் பிள்ளை உறக்கத்தில் ஆழுமாம். அவள் அழுதால் பிள்ளையின் பார்வை பழுதுபடுமாம். அவள் ஏன் அழுகின்றாள் என்று நூல் கேட்கவில்லை. பெண்ணைப் பிள்ளை விளையும் நிலமாகக் கண்ட நோக்கு இது. பெரும்பாட்டுக்கு அசோகம்பட்டையும் பால் சுரக்கச் சாத்தாவாரிக் கிழங்கும் கண்ட மருத்துவம், விளைச்சல் முடிந்த நிலத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. நம் வீடுகளும் அவ்வழியே நடக்கின்றன.

மட்டக்களப்பு மண்ணில் இது பெருங்கொடுமை. இங்கு குடி தாய்வழியாக வருவது. வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்வன. கண்ணகியம்மனின் வெப்பந் தணிய வைகாசியிலே குளிர்த்தி பாடும் மண்ணும் இதுவே. தெய்வத்தின் வெப்பத்துக்கு ஊர் கூடுகின்றது. தாயின் வெப்பத்தைக் கேட்க வீட்டிலே ஒரு செவியில்லை.

இந்த மௌனத்தை இப்போது வணிகர் நிரப்புகின்றனர். ‘இயற்கை மருந்து, பக்க விளைவு இல்லை’ என்று சூரணங்களை விற்கின்றனர். இயற்கையானது யாவும் தீங்கற்றது என்பது பொய், எட்டியும் இயற்கைதான். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் இரத்தம் கசிந்தால் அது கஷாயம் காய்ச்சிக் காத்திருக்கும் வேளையன்று. கருப்பைப் புற்றின் அடையாளமாகவும் அது இருக்கலாம். உடனே வைத்தியசாலையில் ஆராயப்படவேண்டும். துடக்கென்று கூசி மறைத்த பழக்கம் இவ்விடத்தில் உயிரையே பறிக்கக்கூடும். இலங்கையில் 1996இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகள் நடுத்தர வயதுப் பெண்களின் இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பரிசோதிக்கின்றன. வயல் வேலையையும் அடுப்படியையும் விட்டு அங்கே செல்ல அவளுக்கு ஒரு பகல் ஓய்வு கொடுக்க நாம் ஆயத்தமா?

நாட்டு வைத்தியத்தைக் கைவிடுக என்பதன்று நம் வாதம். 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் உள்ளடக்கியது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே அது பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. அங்கே பயில்வோர் மாதவிடாய் ஓய்வினை ஆராய்ச்சிப் பொருளாக்கட்டும். வந்தாறுமூலையிற் கலை பயில்வோர், அயலிலுள்ள சித்தாண்டிக்குச் சென்று மூதாட்டியரின் கைம்மருந்து அறிவையும் அவர்கள் பட்ட பாட்டையும் ஒருங்கே எழுதிவைக்கட்டும். பயன் தருவது நிலைக்கட்டும். தராதது பழமையானதாயினும் ஒழியட்டும்.

பெண் பிள்ளை பெறுவதற்காக மட்டும் உடல் படைத்தவளல்லள். பூப்பிலே பந்தலிட்ட சமூகம் மூப்பிலே அவளுக்குச் செவி கொடுக்கக் கடமைப்பட்டது. அக்கடமையை மறந்துவிட்டு மரபின் பெருமை பேசுவது வெறும் ஆரவாரமே.