பட்டறைப் பக்கம்: மீற்றரைப் பார்க்காதீர்கள், பட்டியைப் பாருங்கள்

சென்ற இதழில் தையல் மெசினுக்கு எண்ணெய் விடும் முறை பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த ஒரு தாயார் எழுதிய கடிதம் இம்முறை எம்மை வேறு பக்கம் இழுத்துவிட்டது. அவருடைய மூத்த மகன் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை செய்கிறார். இளையவர் தாயாருடன் ரொறன்ரோவில் இருக்கிறார். இளையவர் ஒரு பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் கொடுத்துவிட்டாராம். "தமையனிடம் போனில் கேட்டுக் கேட்டு வீட்டிலேயே வைத்துத் திருத்தப் போகிறேன் என்கிறான். இது நடக்கிற காரியமா, அல்லது காசைக் கடலில் போடுகிற வேலையா?" என்று கேட்கிறார்.

நடக்கிற காரியம்தான். ஆனால் வாங்குகிற அன்று பார்க்க வேண்டியதைப் பார்க்காவிட்டால் கடலில் போட்டதற்குச் சமன்தான். எம்மில் இருவர் அந்தத் தொழில்பேட்டையில் வேலை செய்து வந்தவர்கள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஷார்ஜா தொழில்பேட்டையைப் பார்த்திராதவர்களுக்கு: அங்கே வட்டாரங்களுக்குப் பெயர் இல்லை, இலக்கம்தான். பழைய வாகனங்களின் உதிரிப்பாகங்கள் மலைபோலக் குவிந்து கிடக்கும் கடைகள் ஒருபுறம், தகரக் கூரைக் கராஜ்கள் மறுபுறம். பட்டாணியர், மலையாளிகள், வங்காளிகள், எம்மவர் எல்லாரும் அரைகுறை உருதுவிலும் கை அசைவிலும் கதைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். யூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரை தொடக்கம் மூன்று மணிவரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டம் உண்டு. கூரைக்குக் கீழே நிற்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. தகரத்தின் கீழ் சூடு குறைவு என்று நினைப்பவர் ஒருநாள் நின்று பார்க்கட்டும்!

அங்கே போய்ச் சேர்ந்த எம்மவரில் பலருக்கு மோட்டார் சைக்கிள் புதிய பொருள் அல்ல. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களும் சிறிய ஹொண்டா மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. போத்தலில் பத்திரமாக வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் மணமும் ஊருக்கே தெரியும். அந்தப் பழைய கார்களில் காற்றும் எரிபொருளும் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான் நெருக்கப்பட்டன. அதனால் மண்ணெண்ணெயைத் தாங்கின. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரின் உட்சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஆகவே ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். எந்தக் கல்லூரியும் இதைக் கற்பிக்கவில்லை. ஒரு எஞ்சின் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதை எம்மவர் கையால் படித்தார்கள். அந்த அறிவுதான் பிறகு ஷார்ஜாவில் சோறு போட்டது.

இனி இத்தாலியக்காரனிடம் வருவோம். டுகாட்டி நிறுவனம் 1926 இல் பொலோனியா நகரில் வானொலிப் பாகங்கள் செய்யத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தது. போர் முடிந்து 1946 இல் அவர்கள் கையில் எடுத்தது சைக்கிளில் பொருத்துகிற ஒரு சின்ன எஞ்சின். அதன் பெயர் குச்சியோலோ, அதாவது நாய்க்குட்டி. 1954 இல் சேர்ந்த பபியோ தல்லியோனி என்ற எஞ்சினியர்தான் பின்னர் அந்தப் பெயரை உலகறியச் செய்தவர். மற்றவர்கள் வால்வைத் திறக்க ஒரு நெம்பையும் மூட ஒரு சுருள்வில்லையும் வைத்தபோது, அவர் திறக்க ஒன்று, மூட ஒன்று என இரண்டு நெம்புகளை வைத்தார். இதற்கு 'டெஸ்மோ' என்று பெயர். வேகம் கூடும்போது சுருள்வில் பின்தங்கும், நெம்பு பின்தங்காது. 1956 இல் சுவீடன் பந்தயத்தில் இந்த முறை கொண்ட 125 சீசீ வண்டி முதல் ஓட்டத்திலேயே வென்றது.

இளைஞர் விரும்புகிற மொன்ஸ்டர் 1993 இலும், 916 என்ற பந்தய மொடல் 1994 இலும் விற்பனைக்கு வந்தன. இரண்டிலும் சிலிண்டர்கள் தொண்ணூறு பாகையில், ஒன்று நிமிர்ந்தும் ஒன்று படுத்தும் இருக்கும். 1979 இல் வந்த பந்தா என்ற மொடல் தொடக்கம் வால்வுகளை இயக்குவதற்குப் பற்கள் வைத்த இரண்டு றப்பர் பட்டிகளைப் போட்டார்கள். பணம் முழுவதும் இந்தப் பட்டிகளில்தான் தொங்குகிறது.

பட்டி அறுந்தால் வால்வு நின்ற இடத்தில் நிற்கும், பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வு வளையும், சிலவேளை பிஸ்டனும் போகும். மூடுவதற்கும் நெம்பு இருப்பதால் டெஸ்மோவில் இது நடக்காது என்று சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். அந்த நெம்பை ஆட்டுவதும் அதே பட்டிதான். இரண்டு பட்டியின் விலைக்கும் அறுந்தபின் வருகிற செலவுக்கும் உள்ள வித்தியாசம், பலரின் பல மாதச் சம்பளம்.

பழைய மொடல்களுக்கு நிறுவனம் வைத்த தவணை இரண்டு வருடம். பிந்திய சில மொடல்களுக்கு ஐந்து வருடம். கிலோமீற்றர் கணக்கும் உண்டு, எது முதலில் வருகிறதோ அதுதான் தவணை. 2012 இல் வந்த 1199 பனிகாலேயில் பட்டி இல்லை, சங்கிலி. எனவே முதலில் உங்கள் மொடலின் கையேட்டைத் தேடி எடுங்கள். பெரும்பாலானோர் ஏமாறுகிற இடம் மீற்றர்தான். வளைகுடாவில் ஒரு செல்வந்தர் வாங்கி, குளிர்காலத்தில் நாலு வெள்ளிக்கிழமை ஓடி, மிச்ச நாள் உறை போட்டு மூடி வைத்த வண்டி பத்து வருடத்தில் எட்டாயிரம் கிலோமீற்றர் காட்டும். புத்தம் புதிது போல மினுங்கும். றப்பருக்கு மீற்றர் தெரியாது. சூட்டில் நின்றாலும் அது கிழடாகும், ஒரே மடிப்பில் வருடக்கணக்காய் நின்றால் அந்த இடத்தில் பலம் குறையும். எட்டாயிரம் காட்டுகிற வண்டியைவிட, நாற்பதாயிரம் ஓடி ஒவ்வொரு பட்டி மாற்றத்துக்கும் பற்றுச்சீட்டு வைத்திருக்கிற வண்டியையே நாம் வாங்குவோம்.

பட்டி மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலை. இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். வண்டியை நிறுத்தியில் உயர்த்தி, மேல் கியரில் போட்டு, பின் சில்லைக் கையால் உருட்டினால் எஞ்சின் மெல்லச் சுழலும். அடையாளக் கோடுகள் நேருக்கு வந்ததும் நிறுத்தி, கமராவில் படம் எடுத்து வையுங்கள். புதிய பட்டியை மடிக்கவோ முறுக்கவோ கூடாது, ஒயில் படவும் கூடாது. போட்டபின் எஞ்சினை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, கோடுகள் திரும்பவும் நேருக்கு வருகின்றனவா என்று பாருங்கள். இடையில் எங்காவது தடுத்தால் பலம் கொடுக்காதீர்கள், அதே இடத்தில் நிறுத்துங்கள். 'ஸ்ராட்' பொத்தானை அழுத்திப் பார்ப்போம் என்ற ஆசை அங்கேதான் வரும்.

பட்டியின் இறுக்கம் அடுத்த சங்கதி. தொழிற்சாலையில் இதற்குக் கருவி உண்டு. வீட்டிலோ வீணைத் தந்தியை மீட்டுவது போலப் பட்டியை விரலால் தட்டி, எழும் ஒலியின் அதிர்வெண்ணைக் கைத்தொலைபேசியில் உள்ள சுருதி பார்க்கும் செயலியால் அளக்கிறார்கள். நாலு வால்வு மொடல்கள் பலவற்றில் புதிய பட்டிக்கு 110 ஹேர்ட்ஸ் என்ற எண் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் மொடலின் எண் வேறாக இருக்கலாம், கையேட்டைப் பார்த்தபின்பே தட்டுங்கள். சங்கீதம் படிக்கிற மகள் வீட்டில் இருந்தால் அவரையும் கூப்பிடலாம். ஷார்ஜாவில் எம்மோடு வேலை செய்த ஒருவர் காதாலேயே சொல்லுவார், பிறகு கருவியில் பார்த்தால் சரியாக இருக்கும். அப்படிக் காது உள்ளவர்களும் கருவியில் ஒருமுறை பார்த்துக்கொள்வதே நல்லது.

வால்வு இடைவெளி வேறு கதை. மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு, தலைமயிரின் தடிப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் பக்கம் ஒன்று, மூடும் பக்கம் ஒன்று என்று இரண்டு அளவு. அளந்து பார்ப்பதை வீட்டில் செய்யலாம். மெல்லிய தகடு மாற்றித் திருத்துவதை முதல் தடவை தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கச் செய்யுங்கள். போனில் தமையன் சொல்லச் சொல்லச் செய்கிற வேலை அல்ல இது.

சூடும் மணலும் ஷார்ஜா எமக்குக் கற்பித்த இரண்டு பாடங்கள். 45 பாகை வெயிலில், துபாய்க்குப் போகும் இத்திகாத் வீதி நெரிசலில், காற்றால் குளிர்கிற எஞ்சின் நின்ற இடத்தில் வேகும். ஒயில் மட்டத்தை ஒவ்வொரு வாரமும் பாருங்கள். பற்றறிக்கு மின்சாரத்தைச் சீராக்கி அனுப்பும் பெட்டி அந்தக் காலத்து இத்தாலிய வண்டிகளில் சூட்டுக்கு இளகியது. அதன் வயர் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். பிளாஸ்ரிக் கபில நிறமாகியிருந்தால் கெடுதி தொடங்கிவிட்டது. பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஷார்ஜாவின் கடற்கரை ஈரத்துக்கும் ரொறன்ரோவின் மாரிக்கும் இது பொது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018 ஆம் வருடத்தின் 23 ஆவது கிழமையில் செய்தது. பூ அழியாத பழைய ரயர் பிள்ளையின் உயிருக்கு உலை, தாயார் இதைத் தாமே குனிந்து பார்க்கலாம்.

மாற்றியமைக்கும் ஆசைக்கு வருவோம். பொடியன்கள் முதலில் கை வைப்பது சயிலென்சரில். அடுத்து எயார் பில்டர் பெட்டியின் மூடியை வெட்டுவார்கள். காற்று கூட வந்தால் பெற்றோலும் கூட வர வேண்டும். காபரேட்டரில் ஜெற்றை மாற்றாமல் காற்றை மட்டும் கூட்டினால் எரிதல் வரண்டு எஞ்சின் இன்னும் சூடாகும். மண்ணெண்ணெய் தாங்கிய பழைய எஞ்சின் அல்ல இது. 916 இல் நெருக்கம் பதினொன்றுக்கு ஒன்று, பிழையை மன்னிக்காது. மணல் பறக்கும் ஊரில் திறந்த பெட்டி மணல் குடிக்கும், நாம் கடுதாசி பில்டரை விட்டு மாறியதில்லை. சட்டமும் இருக்கிறது. அமீரகத்தில் 2017 யூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில், அளவுமீறிச் சத்தமிடும் வாகனத்துக்கு 2,000 திர்ஹாம் தண்டமும் 12 கரும்புள்ளிகளும் வைத்தார்கள். 24 புள்ளி சேர்ந்தால் சாரதிப் பத்திரம் பறிபோகும். வருடாந்தப் 'பாஸிங்' கிடைக்காவிட்டால் முல்கியா புதுப்பிக்க முடியாது. ஊரில் நாம் வண்டியை மாற்றியது ஆஸ்பத்திரிக்குப் போக. இங்கே மாற்றுவது பக்கத்துவீட்டுக்காரனை எழுப்ப. கையைப் போடுவதென்றால் நல்ல பிறேக் பட்டை, உங்கள் நிறைக்கு ஏற்ற முன் சுருள்வில் ஆகியவற்றில் போடுங்கள். சத்தம் வராது, வளைவில் வித்தியாசம் தெரியும்.

இந்தக் கடிதத்தில் இளையவரின் வண்டியைவிட மூத்தவரின் நிலைதான் எமக்குப் பெரிதாகப் படுகிறது. அமீரகம் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடாத நாடு. அங்கே எம்மவர் இருப்பது வேலை விசாவில். வேலை போனால் இருப்பும் போகும். கராஜ் மூடினால் அங்கே பட்ட பாட்டுக்குச் சாட்சியும் இல்லை. கனடாவிலோ மோட்டார் சைக்கிள் திருத்துநர் என்பது 'ரெட் சீல்' அங்கீகாரம் உள்ள தொழில். ஒன்ராறியோவில் 2022 முதல் 'ஸ்கில்ட் ரேட்ஸ் ஒன்ராறியோ' என்ற அமைப்பு வெளிநாட்டு அனுபவத்தை மதிப்பிட்டு, தகுதி இருந்தால் பரீட்சை எழுத விடுகிறது. அதற்குக் கைத்திறமை மட்டும் போதாது, கடுதாசி வேண்டும். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று முதலாளி ஒப்பமிட்ட கடிதத்தை அவர் விசா உயிரோடு இருக்கும்போதே வாங்கி வைக்க வேண்டும். கூடவே ஒரு கொப்பி. செய்த ஒவ்வொரு வண்டியின் மொடல், வேலை, திகதி. ஊதியச் சீட்டு, லேபர் கார்ட் பிரதிகளைத் தாயாருக்கு அனுப்பிவிடட்டும். நகைப் பெட்டியில் இடம் இருந்தால் அதற்குள் வையுங்கள்.

இளையவருக்கு ஒரு வேலை: மீதிப் பணம் கொடுக்குமுன் பட்டி மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூன்று நாலு போல்ட்தான், விற்பவர் மறுத்தால் முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பட்டியின் முதுகில் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், ஒயில் கறை இவற்றைப் பாருங்கள். எப்போது மாற்றியது என்பதற்குச் சீட்டு இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஓடாமல் பட்டி மாற்றுங்கள். மாற்றியபின் மூடியின் உட்புறத்தில் திகதியையும் கிலோமீற்றரையும் வெள்ளைப் பெயின்ரால் எழுதிவிடுங்கள். ஷார்ஜாவில் நாம் திறந்த மூடிகளில் சிலவற்றில் அப்படித் தமிழ் இலக்கத்திலேயே எழுதியிருந்தது. எழுதியவர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாரோ!