மனமின்றி எழுதிய தீர்ப்பு

மாற்ற வேண்டுமென்று தாமே ஒரு காலத்தில் யோசனை கூறிய சாசனத்தை, பதின்மூன்று ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்ற ஆசனத்தில் அமர்ந்து தாமே அமல்செய்ய நேரிட்ட தர்மசங்கடம், அயர்லாந்தின் ஓய்வுபெற்ற நீதிபதி காதரின் மக்கின்னஸ் அம்மையாருக்கு வாய்த்தது.

1934இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிராடஸ்டண்ட் பாதிரியார் ஒருவரின் புத்திரியாகப் பிறந்து, டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் பயின்று, கத்தோலிக்கர் பெருவாரியாக வாழும் தென்பகுதியிலேயே குடித்தனம் அமைத்து, தொழிற்கட்சியின் காரியங்களில் ஈடுபட்டு, குழந்தைகளையும் வளர்த்த பின்னர், நாற்பத்திரண்டாம் வயதில்தான் அவர் வக்கீல் தொழிலில் பிரவேசித்தார். மேல்சபை அங்கத்தினர் பதவி, 1994இல் ஸர்க்யூட் கோர்ட்டு, 1996இல் ஹைகோர்ட்டு, 2000இல் உச்ச நீதிமன்றம் என்று தொடர்ந்த ஏற்றங்களை நான் விஸ்தரிக்கப் போவதில்லை.

1993இல் கில்கென்னியில் ஒரு பெண் சொந்தத் தகப்பனாலேயே பல்லாண்டுகள் வதைக்கப்பட்ட கொடுமை வெளிவந்தது. அவள் பலமுறை ஆஸ்பத்திரிக்கு வந்து போயிருந்தும் அதிகாரிகள் ஏன் தடுக்கவில்லை என்று விசாரித்த குழுவுக்கு, அப்போது வக்கீலாயிருந்த இவரே தலைவர். விவாகத்தின்மீது அமைந்த குடும்பத்துக்கும் பெற்றோரின் உரிமைக்கும் 1937ஆம் ஆண்டின் அரசியல் சாசனம் அளித்த அபாரமான மதிப்பு குழந்தையின் உரிமையைப் பின்னுக்குத் தள்ளக்கூடும் என்றும், குழந்தைகளின் உரிமைகளைச் சாசனத்திலேயே வெளிப்படையாகப் பிரகடனம் செய்வதைச் சர்க்கார் ஆலோசிக்க வேண்டும் என்றும் அக்குழு எழுதியது. (நம் சாசனத்தின் வழிகாட்டும் நெறிகளுக்கு மூலமாயிருந்ததும் இதே ஐரிஷ் சாசனந்தான்.)

சர்க்கார் அசையவில்லை. 2006இல், மணமாகாத மாணவ ஜோடி ஒன்று ஸ்வீகாரத்துக்குக் கொடுத்திருந்த பெண் குழந்தையின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஸ்வீகாரம் பூர்த்தியாகுமுன் அவ்விருவரும் விவாகம் செய்துகொண்டு குழந்தையைத் திருப்பிக் கேட்டனர். இரண்டு வயது கடந்த அக்குழந்தையோ, வளர்த்தவர்களையே தாய் தந்தையராக அறிந்திருந்தது. வளர்த்தவர்களிடமே இருக்கட்டும் என்ற ஹைகோர்ட்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து மாற்றினார்கள். மக்கின்னஸ் அம்மையாரும் இணங்கினார். ஆனால் தயக்கத்தோடும் வருத்தத்தோடுமே இணங்குவதாகத் தீர்ப்பிலேயே எழுதிவைத்தார். பெற்றோரின் விவாகம் வழக்கின் போக்கையே மாற்றிவிட்டதையும் அவர் மறைக்கவில்லை.

கருணையுள்ளவர் சாசனத்தை வளைத்திருக்கலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். தாம் விரும்பிய திருத்தம் நிறைவேறிவிட்டதாகப் பாவித்துத் தீர்ப்பளிக்கும் நீதிபதியைக் காட்டிலும், எழுதப்பட்டதற்குக் கட்டுப்பட்டு, அது தவறென்றும் பதிவு செய்யும் நீதிபதியையே நான் நம்புவேன். சாசனத்தைத் திருத்தும் அதிகாரம் ஜனங்களுடையது.

அந்த ஜனங்கள் 2012 நவம்பரில் வாக்களித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு வாக்காளரே வந்தபோதிலும், வாக்களித்தவர்களில் சுமார் 58 சதவிகிதத்தினர் திருத்தத்தை ஆதரித்தனர். அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கும் தீர்ந்து, குழந்தைகளின் உரிமை பற்றிய புதிய ஷரத்து 2015இல், கில்கென்னி அறிக்கை வெளிவந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், அயர்லாந்தின் சாசனத்தில் இடம்பெற்றது.