லேலண்டு எந்த ஊர் கம்பெனி?

போன மாதம் காத்திவாக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் பேச்சு. தரகர் இரண்டு ஜாதகம் கொண்டுவந்திருந்தார். ஒரு பையன் எண்ணூர் லேலண்டில் பர்மனென்ட். இன்னொருவன் பெருங்குடியில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் நைட் ஷிஃப்ட். "இது லோக்கல் கம்பெனிங்க. அது எம்.என்.சி." என்றார் தரகர். அத்தை சட்டென்று இரண்டாவது ஜாதகத்தைக் கையில் எடுத்தார். எனக்குக் காபி இறங்கவில்லை.

லோக்கலாம்! 1948ல் ரகுநந்தன் சரண் தன் மகன் பெயரில் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். எண்ணூரில் அவர் பூட்டி விற்றது ஆஸ்டின் கார், அசல் பிரிட்டிஷ் சரக்கு. 1955ல் இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸ் பங்கு போட்டு உள்ளே வந்தது, பெயரில் பாதியையும் எடுத்துக்கொண்டது. 1987ல் அந்த வெள்ளைக்காரப் பங்கை வாங்கியவர்கள் இந்துஜா குடும்பமும் இத்தாலியின் இவெக்கோவும். இந்துஜாக்கள் சிந்து மாகாணத்துக்காரர்கள். பம்பாயில் கடை போட்டு, ஈரானில் தழைத்து, 1979ல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். இவெக்கோ பின்னாளில் விலகிவிட்டது. இன்றைக்கும் லேலண்டின் முதன்மைப் பங்குதாரர் இந்துஜா ஆட்டோமோட்டிவ் என்ற லண்டன் கம்பெனி. இதெல்லாம் லோக்கல் என்றால் தேம்ஸ் நதியும் கொசஸ்தலையாற்றின் கிளைதான்.

இன்னும் கேளுங்கள். இந்த 'லோக்கல்' கம்பெனி வளைகுடாவில் ராஸ் அல் கைமாவில் பஸ் கட்டுகிறது. இங்கிலாந்தின் ஆப்டேர் பஸ் கம்பெனியில் 2010ல் பங்கு வாங்கி, இரண்டே ஆண்டில் அதைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. ஆப்டேர் எங்கே பிறந்தது தெரியுமா? 1984ல் பிரிட்டிஷ் லேலண்டு இழுத்து மூடிய லீட்ஸ் பஸ் பட்டறையில். தாய் கைவிட்ட பிள்ளையை எண்ணூர்ப் பிள்ளை போய்த் தூக்கி வந்திருக்கிறது. இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் லேலண்டு லாரி கம்பெனியோ இப்போது அமெரிக்கக்காரன் கையில். எது சுதேசி, எது விதேசி என்று தரகர் ஜாதகம் கணித்துச் சொல்லட்டும்.

பன்னாட்டுக் கம்பெனி என்றால் ஏ.சி. கட்டடம், கழுத்தில் பட்டையோடு அடையாள அட்டை, வாசலில் கேப் என்று நம் ஜனங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ! அது பங்கை ஒரு நாட்டில் பதிவு செய்யும், பொருளை இன்னொரு நாட்டில் செய்யும், லாபத்தை எங்கே வரி குறைவோ அங்கே காட்டப் பார்க்கும். தாய்க் கம்பெனிக்குப் பிள்ளைக் கம்பெனி ராயல்டி கட்டும், வட்டி கட்டும், மென்பொருளுக்குக் காசு கட்டும். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை மறந்துவிட்டோமா? பின்லாந்துத் தாய்க்கு மென்பொருளுக்காக அனுப்பிய பணத்துக்கு வரி எங்கே என்று 2013ல் வருமான வரித்துறை கேட்டது. அடுத்த ஆண்டு நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையை எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டது. 2014 நவம்பரில் ஆலைக்குப் பூட்டு. அங்கே வேலை பார்த்த பெண்களின் கல்யாணத்திலும் 'எம்.என்.சி. பொண்ணு' என்றுதான் யாராவது பெருமை பேசியிருப்பார்கள்.

இந்த மூடநம்பிக்கைக்கு ஓர் ஒட்டுவால் உண்டு: நம்ம ஆள் கம்பெனி என்றால் நம்மை நினைத்துப் பார்ப்பான் என்பது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்து ஜனங்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்களே, அப்போது கடலடிக் குழாயில் கசிந்த அம்மோனியா கோரமண்டல் உர ஆலைக்குப் போவது. பாரி கம்பெனியோடு இரண்டு அமெரிக்கக் கம்பெனிகள் சேர்ந்து 1960களில் தொடங்கிய கோரமண்டல், இன்று பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தின் குழுமத்தில் இருக்கிறது. அந்தக் குடும்பமே 1900ல் பர்மாவின் மௌல்மேனில் வட்டிக்கடையாகத் தொழில் தொடங்கியது. தமிழன் கடல் தாண்டிக் கொடுக்கல் வாங்கல் நடத்தியபோது எம்.என்.சி. என்ற பேச்சே கிடையாது. வாயுவும் தமிழ் தெரிந்தவர்களை விலக்கிவிட்டு வீசவில்லை.

அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்தது, மணலி சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து. அரசாங்கக் கம்பெனிதானே என்பார்கள். 1965ல் அதைத் தொடங்கும்போதே அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய்க் கம்பெனியும் கூட்டு. ஈரான் பங்கு இன்னும் சுமார் 15 சதவீதம் இருக்கிறது. வலையில் தார் மாதிரி ஒட்டிய எண்ணெயில் எந்தச் சொட்டு டெல்லி, எந்தச் சொட்டு டெஹ்ரான் என்று மீனவர் பிரித்துப் பார்க்க வேண்டுமா?

எண்ணூர் நெடுஞ்சாலையில் பகல் முழுக்க அடைத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். உலகத்துச் சரக்கு அத்தனையும் எங்கள் தெரு வழியாகப் போகிறது. எங்களுக்குத்தான் 'இங்கே எம்.என்.சி. ஒன்றும் இல்லையே' என்ற ஏக்கம். முக்கால் நூற்றாண்டாக அவர்களின் சைரன் சத்தத்தில்தான் விழிக்கிறோம்!

அடுத்த முறை ஏதாவது ஆலை விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால், 'எத்தனை பேருக்கு வேலை' என்ற கேள்வியோடு உட்கார்ந்துவிடாதீர்கள். பெரிய பங்கு யாரிடம், தாய்க் கம்பெனி எந்த நாட்டில் பதிவு, விபத்து நடந்தால் நஷ்டஈட்டுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று மைக்கைப் பிடித்துக் கேளுங்கள். பங்கு யாரிடம் என்பது ரகசியம் இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி எதுவானாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் பங்குதாரர் விவரத்தை வெளியிட்டே ஆக வேண்டும். கையிலிருக்கும் போனிலேயே படிக்கலாம்.